லிப்ட்காரர் விட்ட மீன்

தெர்மாமீட்டரை நூலில் கட்டி ஆற்றுக்குள் இறக்கிவிட்டு, லிப்ட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். மூன்று நிமிடம் ஆகவேண்டும். அதற்குள் பேசக்கூடாது என்று சட்டம் ஏதுமில்லை. பேசினால் பதில் வராது, அவ்வளவுதான். பொழுது விடியும்போதே எழுந்து, பேருந்தில் ஒரு மணி நேரம் குலுங்கி, ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏறி வந்திருக்கிறோம். அவர் நூலை இழுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே பிடித்துப் பார்க்கிறார். "இருபதைத் தாண்டிருச்சு," என்கிறார். பிறகு தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டு, இன்னும் பிரிக்கவே பிரிக்காத தூண்டில் கம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை மறைப்பதற்கில்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். நாற்காலியை விட்டு எழுந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். இவ்வளவு தூரம் இழுத்தடித்துவிட்டு, மீன் வேண்டாம், தூண்டிலையாவது ஒரு தடவை வீசக்கூடாதா என்று கேட்டேன். "தண்ணி சூடாயிருச்சு சார். இந்தச் சூட்டுல சும்மா நிக்கிறதுக்கே அதுக்கு மூச்சு முட்டும். நாம வேற பிடிச்சு இழுத்தடிச்சுட்டு விட்டோம்னா, விட்டுட்டோம்னு நமக்குத்தான் நிம்மதி. அது போய் எங்கயாவது சாகும்," என்றார். சொல்லிவிட்டு எனக்காக நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார்.

ஊரில் முப்பத்தொன்பது கட்டடங்களின் லிப்ட்டுகள் இவர் கையால்தான் ஓடுகின்றன. ஆறு மாடிக் கட்டடமான எங்களுடையதும் அதில் ஒன்று. வயது ஐம்பத்தேழு. கிரீஸ் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அடிக்கும். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், காதோரம் ஒரு பென்சில். பழுது பார்க்க வந்தால் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கமாட்டார். லிப்ட் கதவில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவை மேலே கீழே ஓடவிட்டுக் கேட்பார். "தொண்டை கட்டியிருக்கு" என்பார், அல்லது "மூட்டு வலி" என்பார். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும். சீக்கிரம் முடியுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான்: "அவசரமா? அப்போ படியில போங்க." எங்கள் கட்டடத்தில் கணவன் மனைவி சண்டையில்கூட இப்போது இந்த வாக்கியம் புழங்குகிறது.

நாங்கள் அறிமுகமானதே நான் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட நாளில்தான். உள்ளே நான் கதவை இடித்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து ஒரு நிதானமான குரல், கயிறு அறுந்துவிடும் என்று பயப்படவேண்டாம், மொத்தம் ஐந்து கயிறு, ஒன்றே போதும் உங்களைத் தாங்க, மீதி நாலும் உங்கள் மன நிம்மதிக்கு என்றது. பிறகு என் கவனத்தைத் திருப்புவதற்காக, கோழி இறகையும் தையல் நூலையும் வைத்துத் தூண்டிலுக்கு ஒரு பொய்ப் பூச்சியை எப்படிச் செய்வது என்று விளக்க ஆரம்பித்தது. நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது எனக்குப் பொய்ப் பூச்சி கட்டத் தெரிந்திருந்தது. கோபப்பட மறந்துவிட்டேன்.

அவர் பிடிப்பது டிரவுட். குளிர்ந்த ஓடும் தண்ணீரில் மட்டும் வாழும், உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன். அதற்குப் புழு கோக்கமாட்டார். தூண்டில் முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றி, ஒரு பூச்சி தற்செயலாகத் தண்ணீரில் விழுந்ததுபோல நீண்ட நூலை வீசி அதை இறக்குவார். மீன் நம்பவேண்டும். நம்பினால் கவ்வும். அவ்வளவுதான் விஷயம். அந்த "நம்ப வைக்கிறது" ஒன்றுக்காக மனிதர் வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் விளக்கைத் தாழ இறக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி பழைய துணிகளைச் சரி செய்து கொடுக்கும் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பழுப்பு நூல்கண்டு எங்கே என்று தேடுவதே அவருக்குப் பாதி வேலை. "மீனுக்குச் சட்டை தைக்கிறாரு. வாடிக்கை நிறைய. ஒருத்தரும் கூலி குடுக்கிறதில்ல," என்றார் என்னிடம், ஊசியை வாயில் கடித்தபடி.

லிப்ட்காரரின் இடது கையை நான் வெகுநாள் பார்த்ததில்லை. அது எப்போதும் கால்சட்டைப் பையில் இருக்கும். பொத்தானை அழுத்துவது, கைகுலுக்குவது, கோப்பையை வாங்குவது எல்லாம் வலது கை. வேலை செய்யும்போதுதான் இடது கை வெளியே வரும், அப்போது உறை போட்டிருப்பார். இருபது வருஷத்துக்கு முன்னால், மின்சாரத்தை நிறுத்தாமல் கப்பியில் கை வைத்தார். கயிறு மோதிர விரலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடியில் ஒரு கணு மட்டும் மிச்சம். "அது என் தப்பு. சுவிட்சை அணைச்சுட்டுத்தான் தொடணும்," என்பார், அதோடு பேச்சை முடித்துவிடுவார். யாராவது உற்றுப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய கால்சட்டைகளில் இடதுபக்கப் பை மட்டும் வலதைவிட ஆழம் என்பதை நான் பின்னால்தான் கவனித்தேன். மனைவி கேட்காமலே தைத்துக் கொடுத்தது.

ஆற்றில் அவருக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. முள்ளின் நுனிக்குக் கீழே, மாட்டிய மீன் கழன்றுவிடாதபடி பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல்லைக் குறடால் நசுக்கி மழுக்கிவிடுவார். மீன் வசப்பட்டதும் முழங்கை வரை இரண்டு கையையும் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் தொடுவார். மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கவே மாட்டார். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அது தானாக வாலை அடித்துக் கிளம்பும் வரை குனிந்தபடியே நிற்பார். நடுத்தர அளவில் ஒன்று கிடைத்தால் எப்போதாவது வீட்டுக்கு எடுத்துக்கொள்வார். எடுத்தால் அன்றைக்குத் தூண்டிலை மடித்துவிட வேண்டும். பெரியதை எடுப்பதில்லை. "பெரிசெல்லாம் முட்டை போடுற பொம்பளை மீன் சார். ஒண்ணை எடுத்தா அதோட ஆயிரம் போகும்."

அப்படியானால் பெரியதைப் பிடிக்கவே வேண்டாமே என்று நான் கேட்டதுண்டு. விடுவதற்காகப் பிடிப்பது என்ன நியாயம்? "பிடிக்கணும்னு தோணுது. அதுக்கு நியாயம் என்கிட்ட இல்ல," என்றார். நான் பேட்டி கண்ட பெரிய மனிதர்கள் பலரிடமிருந்து இவ்வளவு நேர்மையான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த நியாயத்தை அவரைவிடச் சுலபமாகத் தீர்த்து வைத்திருப்பவர் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், கறிக்கடைக்காரர். அவரும் அதே ஆற்றில் மீன் பிடிக்கிறவர்தான். பிடித்ததை எல்லாம் கூடையில் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்கு வந்தால் இந்தச் சண்டை ஒரு கறிவகை மாதிரி மேசைக்கு வந்துவிடும். நான் ஒரு முறை அங்கே இருந்தேன். "மாப்பிள்ளை, நான் வெட்டுறவன். ஒத்துக்கிறேன். ஆனா வெட்டப் போறதோட விளையாட மாட்டேன். கத்தியைக் கழுத்துல வச்சு அரை மணி நேரம் இழுத்துப் பார்த்துட்டு, சரி போன்னு தட்டிக்கொடுத்து அனுப்ப மாட்டேன்," என்றார் அவர். லிப்ட்காரர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். வழக்கமாக ஏதாவது திருப்பிச் சொல்லுகிற மனிதர் அன்று ஏன் வாயே திறக்கவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

புரியாததற்குக் காரணம், நான் அந்தப் போட்டோவைப் பார்த்திருந்தேன். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையின் பின்கட்டில் ஒரு நீள அறை இருக்கிறது. தூண்டில்காரர்களின் கிளப் அங்கேதான் கூடும். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் லிப்ட்காரர். ஐந்து வருஷத்துக்கு முந்தைய முகம். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு நெஞ்சுக்கு நேராக ஒரு மீனை ஏந்தியிருக்கிறார். மீன் என்று ஒப்புக்குச் சொல்கிறேன். கைக்குழந்தை அளவு இருக்கிறது. கீழே அச்செழுத்தில்: "நாலு கிலோ. பிடித்து விடப்பட்டது."

அதை எடுத்தவர் கிளப் தலைவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அன்று லிப்ட்காரருடன் ஆற்றில் இருந்தவர் அவர்தான். அப்படிப்பட்ட மீனைக் கையில் வைத்துக்கொண்டு விட மனம் வருமா, விட்டாரே இந்த மனிதர் என்று ஊர் முழுக்கச் சொல்லி மாய்ந்தார். அந்த வருஷமே ஒரு கோப்பை ஏற்பாடு செய்தார். ஆண்டுதோறும் மிகப் பெரிய மீனைப் பிடித்து விடுகிறவருக்குக் கோப்பை. அத்தாட்சிக்கு, மீனைத் தராசில் தொங்கவிட்டு ஒரு படம், கையில் ஏந்தி ஒரு படம். நல்ல நோக்கம்தான், அதில் சந்தேகமில்லை. கூடையில் போட்டுக்கொண்டிருந்த பலர் அதற்குப் பிறகு விட ஆரம்பித்தார்கள். முதல் கோப்பை லிப்ட்காரருக்கு. அது அவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மனைவி அதற்குள் பொத்தான்கள் போட்டு வைக்கலாமா என்று கேட்டபோது தாராளமாக வைத்துக்கொள் என்றாராம். அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இருபது டிகிரியைத் தாண்டிய அந்த நாளுக்குத் திரும்புகிறேன். இறங்கி வரும் வழியில் ஒரு பழைய கல்பாலம். பாலத்துக்கு அடியில் ஆழமான மடு, பச்சையாகத் தேங்கிச் சுழன்று, பிறகு பரந்து கணுக்கால் அளவு தண்ணீராக ஓடுகிறது. போட்டோ எடுத்த இடம் இதுதானே என்று ஆர்வமாகக் கேட்டேன். ஆமாம் என்றார். எவ்வளவு நேரம் போராடியது, எந்தப் பூச்சிக்கு வந்தது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். மடுவைப் பார்க்கவில்லை. நூறடி தள்ளி, கூழாங்கற்கள் மேடு தட்டியிருந்த ஆழமில்லாத ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கதான் கெடந்துச்சு சார்," என்றார். "ஒன்பது நாள் கழிச்சு வந்தேன். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவுல."

பிறகு அவராகவே சொல்லிக்கொண்டு போனார். பதினெட்டு மாதமாக அந்த மீன் மடுவில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிடிப்பதென்றால் நாணயமாகப் பிடிக்கவேண்டும் என்று மிக மெல்லிய நூலைக் கட்டினார். தடித்த நூல் போட்டு இழுத்துப் போடுவது வீரமில்லை என்பது தூண்டில்காரர்கள் நடுவில் ஒரு கௌரவம். அதனால் நாற்பது நிமிடம் ஆயிற்று. கரைக்கு வந்தபோது அது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டிருந்தது. "வேலையில பன்னெண்டு மடங்கு பலம் இருக்கான்னு பார்த்துக் கயிறு மாட்டுறவன். இங்க வந்து தலைமயிர் மாதிரி நூலைக் கட்டிட்டு, அதைப் பெருமைன்னு நெனச்சேன்."

அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும் என்பது அவர் கணக்கு. டாக்டர் போட்டோ எடுக்கவேண்டும் என்றார். இவருக்கும் ஆசை. முதல் தடவை தூக்கும்போது மீன் நழுவி இவர் காலில் விழுந்தது. மறுபடி நழுவி அடிபடக்கூடாதே என்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். அங்குதான் தப்பு நடந்தது. டிரவுட்டின் உடம்புக்குமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்பு உண்டு. நம் தோல் மாதிரி அதற்கு அதுதான் காவல். காய்ந்த கை பட்டால் பட்ட இடமெல்லாம் அது உரிந்து வந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மீன் ஜோராக நீந்திப் போகும். சில நாளில் உரிந்த இடத்தில் பூஞ்சை பிடித்து வெள்ளையாகப் படரும். பிறகு முடிந்தது.

"கையைத் துடைச்சது அதுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் சார்," என்றார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு மீனுக்காக நான் வருத்தப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வறுத்து வைத்தால் முள்ளைக்கூட மிச்சம் வைக்காதவன் நான்.

செத்த மீனைக் கற்களுக்கு அடியில் புதைத்துவிட்டு, கிளப்பில் சொல்லிவிடுவது என்றுதான் நேரே கடைக்குப் போயிருக்கிறார். அங்கே டாக்டர் அப்போதுதான் படத்தை மாட்டச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பத்துப் பேர் கைதட்டினார்கள். கடைக்காரர் ஆளுக்கொரு தேநீர் கொடுத்தார். இவர் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். "அன்னைக்கு அந்த டீயைக் குடிச்சிருக்கக் கூடாது," என்றார்.

அதோடு போயிருந்தால் அது ஒரு மனிதரின் பழைய சங்கடம். ஆனால் கோப்பை வந்தபிறகு ஆற்றில் எல்லோரும் தராசும் கேமராவுமாக நிற்க ஆரம்பித்தார்கள். தூக்கு, இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கு, இந்தப் பக்கம் திரும்பு. ஒவ்வொரு கோடையிலும் இவர் ஆழமில்லாத ஓரங்களில் நடந்து பார்க்கிறார். முதல் வருஷம் ஒன்று கிடந்தது. சென்ற வருஷம் ஐந்து. எல்லாம் பெரியவை. டாக்டரிடம் இரண்டு தடவை போய், கோப்பை இருக்கட்டும், படம் மட்டும் வேண்டாமே என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, நாலு கிலோ மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தோமே, அது என்ன செத்தா போச்சு, நீங்களே அதுக்குச் சாட்சி என்றாராம்.

சாட்சி என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் கோப்பை நின்றுபோகும், பெரிய மீன்கள் பிழைக்கலாம். ஆனால் விட்டாலும் சாகிறது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் எதற்கு விடவேண்டும் என்று, பிடித்ததைக் கூடையில் போடும் மச்சானின் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். ஆறு இரண்டே வருஷத்தில் துடைத்துவிட்டதுபோல ஆகிவிடும். சொன்னாலும் ஆறு கெடலாம், சொல்லாவிட்டாலும் கெடுகிறது. இதை அவர் தன் கௌரவத்துக்குச் சாக்காகவும் வைத்துக்கொண்டார் என்பதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். "அஞ்சு வருஷமா இந்த ரெண்டு பக்கத்தையும் எடை போட்டுட்டு இருக்கேன். மூணாவதா ஒண்ணு தட்டுல இருக்கு. என் பேரு."

அதே மாதம் கிளப்பின் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஆறாவது கோப்பை. இனிமேல் அந்தக் கோப்பைக்கு லிப்ட்காரரின் பெயரையே வைப்பது என்றும், இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீன்களை விட்டே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவருவது என்றும் டாக்டர் தீர்மானம் எழுதியிருந்தார். மச்சானின் ஆட்கள் எதிர்ப்பார்கள் என்பதால், படத்திலிருக்கும் மனிதர் எழுந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டுக்கொண்டார். நான் அன்று என் மேல்சட்டைக்குக் கை நீளம் குறைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். டாக்டர் போனபிறகு லிப்ட்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி தையல் மிஷினை நிறுத்தவில்லை. "நீங்க எதையோ முழுங்கிட்டு அஞ்சு வருஷமா ஜீரணம் ஆகாம உக்காந்திருக்கீங்க. என்னன்னு நான் கேட்கல. போய்த் துப்பிட்டு வாங்க," என்றார். தைத்து முடித்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், ஈர ரப்பர் பூட்ஸ் வாசனை, மேசைமேல் துணி போர்த்திய கோப்பை. மச்சான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இன்று ஒரு கை பார்த்துவிடுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் எழுந்து படத்தைக் காட்டி, இந்த மீனின் பிள்ளைகளைத்தான் நாமெல்லாம் இன்று பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று உருக்கமாகப் பேசினார். கைதட்டல். லிப்ட்காரர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, காதோரம் பென்சில் இல்லை, இடது கை வழக்கம்போலப் பையில்.

"அந்த மீன் செத்துப்போச்சு," என்றார். "ஒன்பதாவது நாள் நான்தான் பார்த்தேன். நான்தான் புதைச்சேன். சொல்லாம இருந்துட்டேன். படத்துக்காகத் தூக்குற மீன் நிறைய சாகுது. படத்தை நிறுத்துங்க. என் பேரு எதுக்கும் வேண்டாம்."

மேடைப்பேச்சு அவ்வளவுதான். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் ஒரே சமயத்தில் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏனென்றால் இதற்காகத்தான் அவர் ஐந்து வருஷமாகக் காத்திருந்தார். அவர் கட்டியிருந்த கையைப் பிரித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உக்காருங்க. போதும்," என்றார், மெல்லிய குரலில். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

டாக்டர்தான் விடவில்லை. முகம் சிவந்திருந்தது. ஐந்து வருஷம் அவர் கட்டி எழுப்பியது அது; படம் எடுத்த கையும் அவருடையது. ஒன்பது நாள் கழித்து ஆற்றில் ஏதோ ஒரு மீன் செத்துக் கிடந்தது, இருக்கலாம், ஆற்றில் ஒரு பெரிய மீன்தானா இருக்கிறது என்று கேட்டார். படத்தைப் பாருங்கள், உடம்பில் ஒரு கீறல் உண்டா? "அதே மீன்தான்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க ரொம்ப நல்லவரு, அதனால மனசு அடிச்சுக்குது. அவ்வளவுதான் விஷயம்," என்றார். அறையில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். தப்பித்துக்கொள்ள நல்ல வழி அது. நானே அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

லிப்ட்காரர் நடந்துபோய்ப் படத்தின் அருகில் நின்றார். "டாக்டர், அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? விரல் முன்னாடி தெரிஞ்சா மீன் சின்னதாத் தெரியும், விரலைப் பின்னாடி மறைச்சுப் பிடிங்கன்னு சொன்னீங்க," என்றார். உண்மைதான். படத்தில் வலது கை வாலைப் பிடித்திருக்கிறது; மீனின் வயிற்றடியில் அவருடைய இடது கட்டைவிரல் மட்டும் தெரிகிறது. "எனக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. மறைச்சுட்டேன். நீங்க பார்க்கிறது இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். பூஞ்சை நாலு கோடா இருந்துச்சு, வெள்ளையா. மூணு நீளம், ஒண்ணு குட்டை."

டாக்டர் படத்தையே பார்த்தார். வாழ்நாளெல்லாம் பல் அச்சு எடுத்துப் பார்த்தவர் அவர். எந்த அச்சு எந்த வாய்க்கு என்று சொல்லத் தெரிந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தார்.

லிப்ட்காரர் கால்சட்டைப் பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தார். விரல்களை அகல விரித்து, தலைக்கு மேலே, கடைசி வரிசைக்கும் தெரிகிறபடி உயர்த்திப் பிடித்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை. அவரும் இறக்கவில்லை.